பழைய கூரைகளும் புதிய மின்சாரமும்: தோப்பூரிலிருந்து சில கேள்விகள்

2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் இணைந்து ஆரம்பித்து வைத்த திட்டங்களில் இரண்டு, தோப்பூர் மக்களை நேரடியாகத் தொடுபவை. ஒன்று, சம்பூரில் அமையும் 120 மெகாவோட் சூரிய மின் நிலையம். மற்றையது, நாட்டின் 25 மாவட்டங்களிலும் உள்ள 5,000 வழிபாட்டுத் தலங்களின் கூரைகளில் சூரிய மின் தொகுதிகளைப் பொருத்தும் திட்டம். இதற்காக இந்தியா 17 மில்லியன் அமெரிக்க டொலரை மானியமாக வழங்குகிறது. மொத்தக் கொள்ளளவு 25 மெகாவோட். கணக்குப் பார்த்தால் ஒரு தலத்துக்கு 5 கிலோவோட்.

சம்பூர் பற்றி இந்தப் பகுதியில் பேசாதவர்கள் இல்லை. கூரைத் திட்டம் பற்றிய பேச்சு மிகக் குறைவு. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைப் பற்றி என்ன பேசுவது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கூரை என்பது ஒரு கட்டடத்தின் உயிர். நூறு வருடங்களுக்கு மேற்பட்ட ஓட்டுக் கூரையின் மீது எதையாவது ஏற்றுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கிழக்கில் அந்தக் கேள்விகள் பொறியியலோடு நிற்பதில்லை. நிலத்துக்கும், யாருடைய வரலாறு என்பதற்கும் போய்விடுகின்றன.

மின்கட்டணம் கோயில் வாசலுக்கு வந்த கதை

2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு அமுலில் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே வருடம் ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் உயர்த்தப்பட்டது. அதுவரை மிகக் குறைந்த சலுகைக் கட்டணம் செலுத்திவந்த கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், விகாரைகள் எல்லாம் முதற்தடவையாக மின்பட்டியலைக் கண்டு திகைத்தன. பின்னர் கட்டணம் பல தடவைகள் குறைந்தும் கூடியும் வந்திருக்கிறது. ஆனால் பட்டியலைப் பார்த்து விளக்கை அணைக்கும் பழக்கம் அன்று வந்தது, இன்னும் போகவில்லை.

மூதூர் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள தோப்பூரிலும் அதைச் சூழ்ந்த தமிழ்க் கிராமங்களிலும் கோயில் பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஆகியவற்றில் இருப்பவர்களோடு இது பற்றிப் பேசினேன். எல்லோரிடமும் இரண்டு விடயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. கட்டடத்துக்குள் வெக்கை தாங்க முடியவில்லை, அதனால் மின்விசிறிகளைக் கூட்டவேண்டியிருக்கிறது, சிலர் ஏசி போடவும் யோசிக்கிறார்கள் என்பது ஒன்று. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு கொங்கிறீற் மாடி போட்டால் பிரச்சினை தீரும் என்பது இரண்டாவது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். வெக்கையைக் கூட்டியது பெரும்பாலும் பழைய கட்டடம் அல்ல. பழைய கட்டடத்துக்கு நாங்கள் பிற்காலத்தில் செய்த திருத்தங்கள்தான்.

பழைய கட்டடம் எப்படிக் குளிர்ந்தது

ஐரோப்பாவில் பழைய கட்டடங்களின் சக்தி வினைத்திறன் என்றால் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காப்பது. இரட்டைக் கண்ணாடி யன்னல், சுவருக்குள் காப்புப் பஞ்சு, இடைவெளிகளை அடைத்தல் என்று அவர்களுடைய வேலைகள் போகும். எங்களுக்குத் தேவை அதற்கு நேர்மாறானது. வெளிச் சூட்டை உள்ளே விடாமலிருப்பதும், உள்ளே வந்ததை விரைவாக வெளியேற்றுவதும்தான்.

ஒரு மாடிக் கட்டடத்தில் சூடு அதிகம் இறங்குவது கூரை வழியாக. நடுப்பகலில் தகரத்தின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டும். அதன் கீழே உட்கார்ந்திருப்பவருக்குக் காற்றைவிடக் கூரையே அதிகம் சுடும். பழைய ஓட்டுக் கூரை உயரமானது, சரிவு கூடியது. ஓடுகளுக்கிடையே இருக்கும் சிறு இடைவெளிகளால் முகட்டில் திரளும் சூட்டுக் காற்று வெளியேறிவிடும். கீழே விறாந்தை சுவருக்கு நிழல் தரும். தடித்த சுண்ணாம்புச் சுவர் பகற் சூட்டை மெதுவாக வாங்கிப் பல மணித்தியாலங்கள் கழித்தே உள்ளே விடும். நாற்சார் வீடுகளில் நடு முற்றம் காற்றை இழுக்கும். இவையெல்லாம் மின்சாரம் வருவதற்கு முன் மின்சாரம் இல்லாமலேயே கண்டுபிடிக்கப்பட்ட தீர்வுகள்.

திருகோணமலை நகரில் இதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள், ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளர் இல்லமாக இருந்து இப்போது கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்துக்குப் போகலாம். தடித்த சுவர், அகன்ற விறாந்தை, உயர்ந்த கூரை ஆகியவை என்ன வேலை செய்கின்றன என்பதை வெயிலிலிருந்து உள்ளே கால் வைத்ததும் உடல் உணர்ந்துவிடும்.

எங்கள் ஊர்களில் நடந்தது வேறு. 2004 சுனாமி, அதன் பின் 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய யுத்தம். சம்பூர் மக்கள் அந்த வருடம் ஏப்ரலில் இடம்பெயர்ந்தார்கள். ஓகஸ்டில் மூதூர், தோப்பூர் மக்கள் கந்தளாயை நோக்கி ஓடினார்கள். திரும்பி வந்தபோது பல இடங்களில் கூரை இல்லை, அல்லது ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. அவசரத்தில் கிடைத்தது தகரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றும். பழைய கைமரங்களை எடுத்துவிட்டுத் தாழ்ந்த கூரை போடப்பட்டது. உப்புக் காற்றில் உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் சீமெந்து பூசப்பட்டது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு உலரும் இயல்புடையது. சீமெந்து அதை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் கல்லையே தின்னத் தொடங்குகின்றன. பிறகு, பழைய கட்டடம் பலமில்லை, இடிக்கவேண்டும் என்ற முடிவு வருகிறது.

அன்று திருத்தியவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தலைக்கு மேல் எதாவது ஒன்று தேவைப்பட்ட காலம் அது. மீள்கட்டுமானத்தை வகுத்த அரசும் நன்கொடையாளர்களும் வெக்கையை ஒரு பிரச்சினையாகவே கருதவில்லை என்பதுதான் கேள்வி. வடக்கு கிழக்கில் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளை ஆர்சிலோர் மிட்டல் நிறுவனத்தின் மூலம் அமைக்க 2015, 2016இல் முயற்சி நடந்தபோது எழுந்த எதிர்ப்புகளில் இந்த மண்ணின் வெயிலுக்கு அது பொருந்துமா என்பது முக்கியமானது. வெக்கை ஓர் அரசியல் கேள்வியாக எங்கள் மத்தியில் பேசப்பட்ட அரிதான சந்தர்ப்பம் அது.

"பாதுகாக்கப்பட்டது" என்ற சொல்

பழைய கட்டடங்களைக் காப்பாற்றச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படையானது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதியை அது ஓர் எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. தனியாருக்கோ சமூகத்துக்கோ சொந்தமான கட்டடத்தையும் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கலாம். அதன் பிறகு திருத்தவோ மாற்றவோ கூட்டிக் கட்டவோ தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கூரையில் சூரியப் படலம் பொருத்துவதும் ஒரு மாற்றம்தான்.

நோக்கத்தில் தவறில்லை. உலகின் பல நாடுகளில் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் கிழக்கில் இந்தச் சொல் வேறு அனுபவத்தோடு வருகிறது. 2020 ஜூன் 2ஆம் திகதி கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரு செயலணியை அமைத்தார். பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன அதன் தலைவர். தமிழும் முஸ்லிமும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணி அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றில் பிள்ளையார் கோயிலைத் திருத்துவது தொடர்பான முரண்பாடும், 2019 ஜூலையில் அங்கு நடந்த போராட்டமும் இன்னும் நினைவில் இருக்கின்றன.

ஆகவே இங்கே ஒரு கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ வயது சொல்லவே மக்கள் தயங்குகிறார்கள். பழையது என்று தெரிந்தால் பலகை வரும், பலகை வந்தால் எல்லைக்கல் வரும், எல்லைக்கல் வந்தால் எங்கள் கை கட்டப்படும் என்ற பயம். இந்தப் பயத்தின் விளைவு மிக மோசமானது. அறிவிக்கப்படுவதற்கு முன் இடித்துக் கட்டிவிடுவோம் என்ற எண்ணம் வருகிறது. மக்களை அந்நியப்படுத்தும் பாதுகாப்பு, தான் பாதுகாக்க வந்ததையே அழிக்கத் தூண்டுகிறது.

இதில் நாங்கள் இழப்பது எது என்பதைச் சற்று யோசிக்கவேண்டும். இந்தப் பகுதியில் இடம்பெயர்ந்த குடும்பங்களில் காணி உறுதியைத் தொலைத்தவர்கள் ஏராளம். எரிந்தவை, நனைந்தவை, ஓடும்போது விட்டுவிட்டுப் போனவை. அப்படிப்பட்ட ஊர்களில் பழைய கோயில் மண்டபமும் பழைய பள்ளிவாசலும் பழைய பாடசாலைக் கட்டடமும் வெறும் கல்லும் ஓடும் இல்லை. இந்தச் சமூகம் இங்கே எத்தனை தலைமுறையாக வாழ்கிறது என்பதற்கான சாட்சிகள் அவை. அவற்றை நாங்களே இடித்தால், எங்கள் உறுதியை நாங்களே கிழிக்கிறோம்.

பலகை மட்டும் கட்டடத்தைக் காக்காது என்பதற்கு யாழ்ப்பாணம் நல்லூரில் உள்ள மந்திரிமனை உதாரணம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பெயர் இருந்தும் 2025 செப்டம்பர் மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஒரு கட்டடத்தைக் காப்பது அதற்குள் நடக்கும் பாவனையும், ஒழுகும்போதே திருத்தும் கையும், அதற்கான பணமும்தான். காலிக் கோட்டைக்குள் ஓட்டுக் கூரை பற்றிய கட்டுப்பாடு இருக்கிறது. அதே சமயம் அங்கே பழைய வீடுகளைத் திருத்த நெதர்லாந்தின் உதவியும் கிடைத்தது. கட்டுப்பாடு வரும்போது உதவியும் சேர்ந்து வந்தால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். எங்களுக்கு இதுவரை வந்தது பெரும்பாலும் கட்டுப்பாடு மட்டுமே.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கிங்ஸ் கல்லூரித் தேவாலயம் 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்டது. அந்நாட்டின் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. அதன் கூரையில் 2023இல் 438 சூரியப் படலங்கள் பொருத்தப்பட்டன. மரபுரிமை நிறுவனம் தோற்றம் பாதிக்கப்படும் என்று கவலை தெரிவித்தது. நகரசபை எல்லாத் தரப்பையும் கேட்டு, பகிரங்கமாக விவாதித்து, அனுமதி வழங்கியது. இத்தாலியின் பொம்பேயில் பழைய ஓட்டின் நிறத்திலும் வடிவத்திலும் செய்யப்பட்ட சூரிய ஓடுகளைப் பரீட்சித்திருக்கிறார்கள்.

இவற்றை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கேம்பிரிட்ஜில் ஈயத் தகட்டுக் கூரையைப் புதுப்பிக்கும் வேலையோடு சேர்த்தே அது நடந்தது. அதற்கான பணமும் நிபுணர்களும் அவர்களிடம் இருந்தார்கள். நாங்கள் எடுத்துக்கொள்ளவேண்டியது நடைமுறையை. கட்டடத்தைப் பாவிப்பவர்களையும் நிபுணர்களையும் கேட்டு, காரணங்களை எழுத்தில் வைத்து, யாரும் வாசிக்கக்கூடிய விதத்தில் முடிவெடுப்பது. அதற்கு டொலர் தேவையில்லை.

படலத்துக்கு முன் விசிறி

5 கிலோவோட் தொகுதி எங்கள் வெயிலில் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 550 அலகு உற்பத்தி செய்யும். அதற்கு 25 முதல் 30 சதுர மீற்றர் கூரை வேண்டும். சட்டகத்தோடு சேர்த்து 300 கிலோவுக்கு மேல் பாரம் வரும். கறையான் அரித்த கைமரத்தின் மீது இதை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது வேறொரு கணக்கு. ஒரு தலத்தில் 20 மின்விசிறிகள் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் சுழல்கின்றன என்று வைப்போம். சாதாரண விசிறி 75 வோற்று இழுக்கும். புதிய வகைக் காந்த மோட்டார் விசிறி 30 வோற்றில் அதே காற்றைத் தரும். மாற்றினால் நாளொன்றுக்கு 7.2 அலகு, மாதத்துக்கு 216 அலகு மிச்சம். ஒரு படலமும் ஏற்றாமல், ஓர் ஓட்டையும் தொடாமல், சூரியத் தொகுதி தரும் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கிடைத்துவிடுகிறது. இந்த வேலைக்குக் கட்டடத்தின் தோற்றத்தில் எந்த மாற்றமும் தேவையில்லை.

இதனால்தான் வரிசை முக்கியம். முதலில் பட்டியலைப் பார்த்து எது மின்சாரத்தைத் தின்கிறது என்று அறிவது. அடுத்து பழைய வயர்களைப் பரிசோதிப்பது. பழைய மரக்கூரைக் கட்டடங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து மின்னொழுக்கால் வரும் தீ. பிறகு விளக்கும் விசிறியும். பிறகு கூரை: உடைந்த ஓட்டை மாற்றுவது, அடைபட்ட பீலியைச் சுத்தப்படுத்துவது, அடைத்துவைத்த காற்றுத் துவாரங்களைத் திறப்பது, சீற் போட்ட பகுதிக்குக் கீழே மரத்தாலோ பலகையாலோ ஓர் உட்கூரை அமைப்பது. சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பூசுவது. மேற்குப் பக்கச் சுவருக்கு நிழல் தரும்படி, ஆனால் வேர் அத்திவாரத்தைத் தொடாத தூரத்தில், வேம்போ புங்கோ நடுவது. ஏசியைப் பற்றி இரண்டு தடவை யோசிப்பது நல்லது. காற்றோட்டத்துக்காகத் திறந்து கட்டிய கட்டடத்தில் ஏசி போட்டால் குளிர் வெளியேறும், அடைத்துப் போட்டால் சுவர் வியர்க்கும்.

கடைசியாகச் சூரியப் படலம். அதைப் பழைய மண்டபத்தின் மீதுதான் ஏற்றவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரும்பாலான கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் பிற்காலத்தில் கட்டிய அன்னதான மடமோ, மதரசாவோ, வாகனத் தரிப்பிடமோ இருக்கிறது. அந்தச் சீற் கூரைகளில் படலத்தைப் பொருத்தினால் மின்சாரமும் கிடைக்கும், கூரைக்கு நிழலும் விழும். எங்கே பொருத்தினாலும் பிறகு ஆணித் துளை இல்லாமல் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது பழைய கட்டடங்களுக்கான பொது விதி.

நேரமும் ஒரு விடயம். கோயிலின் மின்பாவனை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை நடுப்பகல் உச்சம். பாடசாலை முழுவதும் பகல் நேரம். பகலில் உற்பத்தியாகும் சூரிய மின்சாரம் பாடசாலைக்குத்தான் மிகப் பொருந்தும், ஆனால் இந்தத் திட்டத்தில் பாடசாலைகள் இல்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. உற்பத்தியைக் கூட்டுவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சேமித்த அலகை யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது.

யாருடைய நிலத்தில், யாருடைய கூரையில்

இந்தச் சிறு கணக்குகள் பெரிய கணக்கோடு இணைந்தவை. சம்பூரில் முதலில் 500 மெகாவோட் நிலக்கரி மின் நிலையம் என்றார்கள். அதற்காக மக்கள் வருடக்கணக்கில் தங்கள் காணிக்குத் திரும்ப முடியாமல் முகாம்களில் இருந்தார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது சூரிய மின்சாரம். புகை இல்லை என்பது உண்மையிலேயே நிம்மதி. ஆனாலும் சூரிய மின் நிலையத்துக்கும் நிலம் வேண்டும். திருகோணமலை முத்துநகர் விவசாயிகள் தாங்கள் பயிரிட்ட வயல்கள் சூரிய மின் திட்டத்துக்கு எடுக்கப்படுவதை எதிர்த்து 2025இல் வீதிக்கு வந்தார்கள். வீணாகும் ஒவ்வொரு அலகும் இன்னொரு வயலைக் கேட்கும். அந்த வயல் பெரும்பாலும் எங்கள் மாவட்டத்தில் இருக்கும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்கவேண்டும். பழைய கட்டடங்களில் சக்திச் சேமிப்பையும் சூரிய மின்சாரத்தையும் எப்படிச் செய்வது என்ற வழிகாட்டியைத் தொல்பொருள் திணைக்களமும் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபையும் இணைந்து தமிழில் வெளியிடவேண்டும். அனுமதி கேட்கும் விண்ணப்பத்துக்கு இத்தனை நாட்களுக்குள் தமிழில் எழுத்துமூலப் பதில் என்ற கால எல்லை வேண்டும். கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கும்போது அதன் உரிமையும் சுற்றுக் காணியும் பாவிக்கும் சமூகத்திடமே தொடரும் என்பது அந்த அறிவித்தலிலேயே இருக்கவேண்டும். திருத்தத்துக்கு நிதி இல்லாத அறிவித்தல் வெறும் தடை. 5,000 தலங்களின் பட்டியலில் வருபவற்றுக்குப் படலம் பொருத்தமுன் கூரைப் பரிசோதனையும், வயர்ப் பரிசோதனையும் கட்டாயமாக்கப்படவேண்டும்.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. இடிப்பதற்குத் தீர்மானம் எடுக்கமுன், கட்டடத்தை அளந்து, படம் பிடித்து, அது எப்போது, யாரால் கட்டப்பட்டது என்று ஊரில் எஞ்சியிருக்கும் முதியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். ஓடு மேயத் தெரிந்தவரும் சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்தவரும் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் இளைஞர் இரண்டு பேரைச் சேர்த்துவிடலாம். கோயில் சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலைச் சங்கமும் சேர்ந்து ஒரே மின்னியலாளரை அழைத்துப் பரிசோதித்தால் செலவும் குறையும். யுத்தத்தால் பிரிந்து நின்ற இரு சமூகங்கள் சேர்ந்து செய்யக்கூடிய, சண்டைக்கு இடமில்லாத வேலை இது. சூரியப் படலத்தின் ஆயுள் சுமார் 25 வருடம். ஒழுகும் ஓட்டை உரிய நேரத்தில் மாற்றினால் அதன் கீழிருக்கும் சுவர் இன்னும் பல தலைமுறைகளுக்கு நிற்கும்.